குப்பை என்று எழுது, பிள்ளை

2010ஆம் ஆண்டு ஆவணி மாதம். போர் முடிந்து, இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள எங்கள் ஊருக்கு நாங்கள் திரும்பி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பாடசாலைக்குக் கூரை இல்லை. தறப்பாள் கட்டிய கொட்டிலில்தான் வகுப்புகள் நடந்தன. அன்றைக்கு வகுப்பும் இல்லை, அரசாங்கத்தின் நடமாடும் சேவை வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகப் பதிவு என்று ஒரு துண்டுக் காகிதமும் கையில் இல்லாத சனம் விடிகாலையிலேயே வந்து வரிசையில் நின்றது. படிவம் நிரப்ப எழுதத் தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆசிரியர்கள் நான்கு பேர் பிள்ளைகளின் மேசைகளை மரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

பதினொரு மணி இருக்கும், என் மேசைக்கு ஓர் ஆச்சி வந்தார். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். எண்பதைத் தொட்ட வயது. காதில் தோடு இருந்த துளையில் ஈர்க்குத் துண்டு செருகியிருந்தது. பேத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள்.

"பெயர் என்ன ஆச்சி?"

"குப்பை."

நிமிர்ந்து பார்த்தேன். கூப்பிடு பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து, "பதிவுப் பெயரைச் சொல்லுங்கள் ஆச்சி" என்றேன். "அதுதான் பதிவு. அப்பன் பெயரை முன்னால் போடு, பின்னால் குப்பை என்று எழுது" என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் இழந்து வந்து நிற்கிற ஒரு முதியவரின் அடையாள அட்டையில் குப்பை என்று எழுத என் பேனை மறுத்தது. நல்லதுதானே செய்கிறேன் என்று நம்பி, குப்பம்மா என்று எழுதினேன். எழுதி முடித்துப் படிவத்தைப் பேத்தியிடம் நீட்டினேன். அவள் சத்தமாக வாசித்தாள். ஆச்சி தன் உள்ளங்கையை அப்படியே படிவத்தின் மேல் வைத்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. எழுதியதை மறைப்பதுபோல் அழுத்தி வைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னார்:

"குப்பை என்று எழுது, பிள்ளை. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் எமன் என்னை விட்டுவிட்டுப் போனான்."

பிறகு கதையைச் சொன்னார். வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆச்சிக்கு முன்னால் அவருடைய தாய் பெற்ற மூன்று பிள்ளைகளும் நடக்கத் தொடங்கும் முன்பே குலைப்பன் காய்ச்சலில் போய்விட்டார்கள். மூன்றுக்கும் நல்ல நல்ல சாமிப் பெயர்கள். நாலாவதாக இவர் பிறந்ததும், பாட்டி பிள்ளையைச் சுளகில் கிடத்திக்கொண்டுபோய் வளவுக் கோடியில் இருந்த குப்பைமேட்டில் வைத்தார். பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி, யாரோ எறிந்துவிட்டுப் போன பிள்ளையைக் கண்டெடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு வந்து படலையில் நின்று, "பிள்ளை விற்கிறேன், வாங்குகிறீர்களா?" என்று கேட்டாள். ஒரு கொத்துத் தவிடு கொடுத்துத் தாய் தன் பிள்ளையைத் தானே வாங்கினார். பெற்ற பிள்ளை அல்ல, குப்பையில் கிடந்தது. காசுகூட இல்லை, தவிட்டுக்கு வாங்கியது. இதை எடுத்துக்கொண்டு போய் எமனுக்கு என்ன பயன்? அந்தக் கணக்கில் வைத்த பெயர்.

படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதியது எடுத்தேன். கு, ப், பை. மூன்றெழுத்தையும் அச்சுப்போல எழுதினேன். இம்முறை ஆச்சியே பேத்தியிடம் "வாசி" என்றார். கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பெருவிரலை மையில் வைத்தார்.

இந்த வழக்கம் வன்னிக்கு மட்டும் உரியதல்ல. தமிழர் வாழ்ந்த இடமெல்லாம் இருந்ததுதான். ஆனால் வன்னியில் அதற்குத் தேவை மிகுதி. குளமும் காடும் வாய்க்காலும் சேர்ந்த இந்த மண்ணில் குலைப்பன் காய்ச்சல் என்ற மலேரியா பருவம் தவறாமல் வந்த விருந்தாளி. யாழ்ப்பாணத்தவர்கள் வன்னிக்கு உத்தியோகம் மாற்றம் வந்தால் அழுதுகொண்டு வந்ததாக எங்கள் முதியவர்கள் சொல்வார்கள். 1946 அளவில் நாடு முழுவதும் நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின்னர்தான் காய்ச்சல் அடங்கிப் பிள்ளைகள் தங்கத் தொடங்கினார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று எனக்கு நினைவு வந்தது அந்த உள்ளங்கைதான். இன்று குப்பை, பிச்சை, மூக்கன், மூக்கி என்று எந்தப் பிள்ளைக்கும் பெயர் இல்லை. மூக்கைக் குத்தி எமனுக்குக் குறையுள்ள பிள்ளையாகக் காட்டத்தான் மூக்கன் என்ற பெயர். அந்தப் பெயர்கள் போனதற்கு நாகரிகம் காரணம் என்பார்கள். பிள்ளைகள் சாவது நின்றதும் அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்பதுதான் சரி.

ஆச்சி வந்த அந்த நாளுக்கு முன்னர் இருபது வருடமாகக் காலையில் இடாப்பை, அதாவது பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டை, வாசித்துக் கூப்பிட்டவள் நான். தொண்டர் ஆசிரியராக ஓலைக் கொட்டிலில் தொடங்கிய நாள் முதல் எத்தனை ஆயிரம் பெயர்கள் என் வாயால் வந்திருக்கும்! ஒரு பெயரைக்கூட ஏன் என்று கேட்டதில்லை. ஆச்சிக்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கினேன். கேட்கக் கேட்க, வாயில் நுழையாத பெயருக்கும் விசித்திரமான பெயருக்கும் பின்னால் யாரோ ஒருவர் மிகவும் யோசித்து எடுத்த முடிவு இருந்தது.

எங்கள் ஊருக்கு முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் ஒருவர். பெயர் மடுத்தீன். மன்னார்ப் பக்கத்து மடுத் தேவாலயத்தில் இருக்கும் மடு மாதாவின் மேல் கொண்ட பக்தியால் பெற்றவர்கள் வைத்த பெயர் என்றுதான் ஊரே நினைத்தது. அவரும் அப்படித்தான் நம்பி, ஆவணித் திருவிழாவுக்கு ஒரு வருடமும் தவறாமல் மடுவுக்குப் போய்வந்தார். நான் ஒருநாள் பங்குத்தந்தை ஒருவரிடம் கேட்டேன். மடுத்தீனார் என்பது மார்ட்டின் என்ற புனிதரின் பெயர் தமிழில் எடுத்த உருவம் என்று அவர் விளக்கினார். யாழ்ப்பாணத்தில் அந்தப் புனிதரின் பெயரில் மடுத்தீனார் குருமடம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதே மடுத்தீன்!

அன்றிலிருந்து கடற்கரைப் பெயர்கள் எல்லாம் எனக்குப் புதையலாகிவிட்டன. சந்தியோகு என்ற பெயரைச் சந்தி, யோகம் என்று பிரித்துப் பொருள் தேடினவள் நான். அது சந்தியாகோ. கோயில்களில் சந்தியோகுமையோர் என்று முழுப்பெயரையும் எழுதியிருப்பார்கள். அந்த மையோர், மூத்தவர் என்று பொருள்படும் சொல். பவுல் என்ற பெயருக்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருளாம், அதனால் அவர் தமிழில் சின்னப்பர். நம் ஊரில் சின்னப்பு. இராயப்பு பேதுரு, அருளப்பு யோவான், சூசைப்பிள்ளை யோசேப்பு. போர்த்துக்கேயர் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவர்கள் கட்டிய கோட்டைகள் இடிந்து கிடக்கின்றன. அவர்கள் உச்சரித்த பெயர்களோ சரிந்து, உருண்டு, பிள்ளை சேர்ந்து, அப்பு சேர்ந்து, எங்கள் தெருவில் சூடை மீன் விற்றுக்கொண்டு வருகின்றன. இதை நான் மடுத்தீனிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் எனக்கு இரண்டு பேர் துணை" என்று சொல்லிவிட்டு மீனை நிறுத்தார்.

எங்கள் பக்கத்துச் சைவர்களிடம் நாகம்மா, நாகமணி, நாகேஸ்வரி, நாகராசா, நாகதம்பி என்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார். புளியம்பொக்கணை நாகதம்பிரான், புதூர் நாகதம்பிரான் என்று இரண்டு பெரிய கோயில்கள் வன்னியில் இருப்பதும், வயல் வரம்பில் இருட்டில் கால் வைத்து நடப்பவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வேண்டும் என்பதும் இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளையரை எதிர்த்து நின்ற வன்னி மன்னனின் பெயரால், பண்டாரவன்னியன் என்று ஒரு மாணவன் எனக்கு இருந்தான். இடாப்பில் ஒரு வரிக்குள் அடங்காத பெயர். வகுப்பில் எல்லோரும் அவனை வன்னி என்றே கூப்பிட்டார்கள். முழுப்பெயரால் கூப்பிட்டது நான் ஒருத்திதான். கூப்பிடும்போதெல்லாம் எழும்பி நிமிர்ந்து நிற்பான். கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் ஒரு நடுகல் இருந்தது. வென்றவர் புகழுக்காக வெள்ளையர் நட்ட கல். வென்ற கப்டனின் பெயரைக் கல்லில் தேடித்தான் வாசிக்க வேண்டும். தோற்றவனின் பெயர் இருநூறு வருடம் கழித்து எங்கள் வகுப்பில் மூன்றாவது வாங்கில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

1997இல் பிறந்த இன்னொரு பையனுக்கு அக்கராயன் என்று பெயர். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில், அக்கராயன்குள ஆசுபத்திரியில், இருட்டில் பிறந்தவன். அக்கராயன் என்ற குறுநில மன்னன் ஆண்ட ஊர் அது என்று எங்கள் பக்கம் ஒரு கதை வழங்குகிறது. தாய் மன்னனை நினைத்து வைக்கவில்லை. "இடம் தந்த ஊர் ரீச்சர், அதை மறக்கக்கூடாது" என்றார்.

ஒரு பெயரில் மட்டும் என் கை பிழை செய்தது. அதை எழுதாமல் விட முடியாது. எழுபதுகளின் கடைசியில், 1977 வன்செயலுக்குப் பிறகு, மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் பல எங்கள் பக்கத்துக் குடியேற்றங்களில் காடு வெட்டிக் குடியிருந்தன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் ஒருத்தி, நான் புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கிய வருடத்தில் என் வகுப்புக்கு வந்தாள். இருளாயி. குலதெய்வத்தின் பெயர். இடாப்பில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து சிரிப்பு வரும். சில கிழமைகளில் அவள் "உள்ளேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்; கையை மட்டும் உயர்த்துவாள். பெயரை மாற்றிவிடுவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். சிவப்பு மையால் இருளாயியைக் கோடு கிழித்து, மேலே சிவரஞ்சினி என்று எழுதினார். பேனையை எடுத்துக் கொடுத்தது நான். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கிளிநொச்சிச் சந்தையில், மரக்கறிக் குவியல்களுக்கு நடுவே, அவளுடைய நடையை அடையாளம் கண்டேன். சிவரஞ்சினி என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிறகு எப்படியோ வாயில் பழைய பெயர் வந்துவிட்டது. சட்டென்று திரும்பினாள்.

சமாதானக் காலத்தில், அதாவது 2002க்குப் பிறகு என் கையில் இருந்த இடாப்பை நினைத்துப் பார்க்கிறேன். யாழிசை, எழிலரசி, கதிர்ச்செல்வி, தமிழ்விழி, இளவேனில், அறிவொளி, செங்கதிர். நாற்பது பிள்ளைகளில் முப்பது பேருக்கு இப்படித்தான் பெயர். விடுதலைப் புலிகளின் நிர்வாகம் நடந்த காலம் அது. கடைப்பலகை முதல் பிள்ளைப் பெயர் வரை எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று ஊக்கப்படுத்தினார்கள். பேக்கரி வெதுப்பகம் ஆனது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல்கள் புத்தகமாக வந்தன. தாய்மார் ஒருவருக்கொருவர் கைமாற்றி வாசித்தார்கள். ஒரு பெயரும் இன்னொன்றும் முட்டிக்கொள்ளாமல் இடாப்புக் கூப்பிடுவது அந்த நாட்களில் பாட்டுப் பாடுவதுபோல் இருக்கும். எனக்கு அந்தப் பெயர்களில் இன்றைக்கும் பெரிய விருப்பம் உண்டு, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த ழகரம் பிள்ளைகளைப் படுத்திய பாடு கொஞ்சம் அல்ல. எங்கள் பேச்சில் ழ ளகரமாகத்தான் வரும். பெற்ற தாயே யாளிசை என்று கூப்பிடுவார். சிங்களத்தில் எழுதினால் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் எழுதினால் இன்னொரு மாதிரி. ஒரே பிள்ளைக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர்.

இந்தப் பெயர்கள் 2009இல் போர் முடிந்த பிறகு பாரமாகும் என்று அப்போது யார் நினைத்தோம்?

செங்கதிர் என் மாணவன். தந்தை பிறப்பிலேயே வைத்த பெயர். தமிழ் வாசிப்பில் ஊறிய மனிதர் அவர். முகாமில் இருந்தபோது ஓர் அலுவலர், "இது இயக்கப் பெயரா, பிறந்த பெயரா?" என்று கேட்டிருக்கிறார். பிறந்த பெயர் என்று பையன் சொன்னான். அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்த பெட்டி பதுங்கு குழியோடு மண்ணுக்குள் போய்விட்டது. தந்தையும் இல்லை. பதினாறு வயதுப் பையன், தன் பெயர் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. தாய் என்னைத் தேடி வந்து, "பெயரை மாற்றிவிடலாமா ரீச்சர்? சுரேஷ், ரமேஷ் என்று ஏதாவது?" என்று கேட்டார்.

எங்கள் அதிபர் கடைசி இடப்பெயர்வில் தன் உடுப்புகளை விட்டுவிட்டுப் பாடசாலை இடாப்புகள் சிலவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நடந்தவர். பலவற்றை மழை தின்றுவிட்டது. மீதி அவரிடம் இருந்தது. பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் அந்த இடாப்பை விரித்துத் தேடினோம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓலைப்பாயில் வைத்து, ஈர்க்கால் மெல்ல மெல்லப் பிரித்தோம். மை நீலமாகக் கரைந்து பரவியிருந்தது. தரம் ஒன்று. வரிசையில் பதினான்காவது பெயர். செ இல்லை, ங் பாதி இருந்தது, கதிர் முழுதாக இருந்தது. பிறந்த திகதியும் இருந்தது. என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? ஆறு வயதில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கு, அவர் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதிபர் பிரதி எடுத்து ஒப்பமிட்டுக் கொடுத்தார். பையன் பெயரை மாற்றவில்லை. இன்றைக்கும் அதே பெயரோடுதான் ஒரு வெளிநாட்டில் வேலை செய்கிறான். அங்கே தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்களாம். வேலைத்தலத்தில் எல்லோரும் தந்தையின் பெயரால்தான் கூப்பிடுகிறார்களாம். "அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்புகிறேன்" என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னான்.

இன்னொரு வகைப் பெயர் வன்னியில் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. அண்ணன் பெயரைத் தம்பி மகனுக்கு, மாமன் பெயரை மருமகனுக்கு என்று, திரும்பி வராதவர்களின் பெயரைப் பிறந்த பிள்ளைகளுக்கு வைத்தார்கள். வைக்க ஆசைப்பட்டவர்களுக்கே பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மம்மா இருக்கிறார். பேரன் பெயர் அவருடைய மகனின் பெயர். பேரனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவர் இன்றுவரை அவனை அப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்.

இப்போதைய பெயர்களுக்கு வருகிறேன். டிலக்சன், யதுர்சிகா, நிதுர்சன், டினோஜா, கிருஷிகன். இந்தப் பெயர்களைக் கண்டால் தமிழ் ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. சாத்திரியார் கொடுக்கும் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஏற்றபடி ஒலிகளை வெட்டி ஒட்டுகிறார்கள் என்பது உண்மைதான். திருவாதிரையின் ஒரு பாதத்துக்குப் பஞ்சாங்கம் ங என்ற எழுத்தைக் கொடுக்கிறது. ஙகரத்தில் தொடங்கும் பெயருக்குத் தமிழில் எங்கே போவது? அந்த எழுத்து வந்த ஒரு வீட்டுக்காரர் என்னிடம் வந்து படாத பாடு பட்டார். கடைசியில் பிள்ளைக்குப் பாட்டியின் பெயரையே வைத்தார்கள்.

2010 கடைசியில், நல்ல மாரிக்காலம், பக்கத்து வளவுப் பெண் பிறந்த குழந்தையோடு என் கொட்டிலுக்கு வந்தார். 31ஆம் நாள் பிள்ளைத் துடக்குக் கழித்தாயிற்று. 42 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவுக்குக் கொண்டுபோகப் பெயரைப் பிழையில்லாமல் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். டினுக்சன். என்ன சொல் இது என்று நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். நல்ல தமிழில் எத்தனையோ பெயர் இருக்கின்றன, பொருளோடு ஒன்று வைக்கக்கூடாதா?

அவர் குழந்தையை மடியில் சரித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். "பொருள் வேண்டாம் ரீச்சர். என் அண்ணாமார் இரண்டு பேருக்கும் பொருள் உள்ள பெயர்கள்தான். இவனுடைய பெயரைக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்கக்கூடாது. யாருடைய பிள்ளை, எந்தப் பக்கம் என்று ஒருவரும் நினைக்கக்கூடாது."

பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. டகரமா தகரமா என்று கேட்டேன். "ட" என்றார். க்ஷவா, க்சவா? அதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது; கணவரைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் போனார்.

2019இல் அந்தப் பையன் நான்காம் தரம். என் வகுப்பில்தான் இருந்தான். தமிழ்த் தினத்துக்காக, "என் பெயரும் பொருளும்" என்று பெரிய மட்டைத்தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு பிள்ளையையும் எழுத வைத்தேன். வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். வான்மதி என்ற சிறுமி, "வானத்து நிலா" என்று அழகாக எழுதி, பக்கத்தில் பிறையும் வரைந்திருந்தாள். அடுத்த நாள் காலையில் அவளுடைய தந்தை வயலுக்குப் போகும் வழியில், சேற்றுக் காலோடு, பாடசாலை வாசலில் நின்றார்.

"ரீச்சர், பிள்ளை பிழையாக எழுதிவிட்டாள். அது நிலா இல்லை. நாங்கள் ஊருக்கு வந்து முதல் மாரியில், எங்கள் குளம் வான் பாய்ந்த அன்றுதான் அவள் பிறந்தாள். குளத்துக் கட்டில் நின்று வானைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. அந்த வான்."

குளம் நிறைந்து வழியும் இடத்துக்கு வான் என்று சொல்லும் நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு அது தோன்றவில்லையே! வான் என்றதும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்த எனக்கு, அந்த மனிதர் கீழே, கட்டுக்குக் கீழே, நுரைத்துக்கொண்டு வயலுக்கு ஓடிய தண்ணீரைக் காட்டினார். வான்மதி பிறையை அழிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பிறைக்குக் கீழே நீலப் பென்சிலால் அலை அலையாகத் தண்ணீர் வரைந்து கொடுத்தேன். சம்மதித்தாள்.

டினுக்சனின் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அம்மாவைக் கேட்டாயா என்றேன். கேட்டானாம். அம்மா சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாராம். இடைவேளை முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரீச்சர், என்னுடையதை வெறுமையாக விடலாமா?"

"விடலாம் அப்பன்."

போய், அந்த வெறும் கட்டத்தைச் சுற்றிப் பச்சைப் பென்சிலால் கரை போட்டான். மூலைக்கு ஒரு பூவாக நாலு பூவும் வைத்தான். அந்த மட்டைத்தாள் அந்த வருடம் முழுவதும் கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கியது.